ஆவி மேட்டில் ஒரு தேவாங்குக் குட்டி

குளிர்மலைக் காட்டில் துடியன் என்றொரு நீர்நாய் இருந்தது. அங்கே அருவியின் அடியில் ஒரு பெரிய சக்கரம் உண்டு. தண்ணீர் விழ விழ அது சுழலும். அது சுழன்றால்தான் காட்டுக்கே கரண்டு வரும். அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொள்வது துடியனின் வேலை.

முயல் வளையில் ஒரு பல்பு, மான்கள் படுக்கும் இடத்தில் ஒரு பல்பு என்று எல்லோருக்கும் வெளிச்சம் கிடைத்தது. காட்டு மருத்துவமனையில் ஒரு சூட்டுப் பெட்டியும் இருந்தது. மாதம் நிறையாமல் பிறந்த குட்டிகளை அதில்தான் வைப்பார்கள்.

அந்த வருடம் ஐப்பசி மழை பொய்த்துவிட்டது. மார்கழிப் பனி இறங்கியபோது அருவி நூலாக இளைத்திருந்தது. சக்கரம் முனகிக்கொண்டே சுற்றியது.

அந்த நேரம் பார்த்து, மினுக்கி என்ற தேவாங்குக்குக் குறைமாதத்தில் ஒரு குட்டி பிறந்தது. சூட்டுப் பெட்டிக்குள் அது மூச்சு விடுவதே தெரியவில்லை.

துடியன் வீடு வீடாகப் போனது. "பல்பை அணைத்துவிடுங்கள். இருக்கிற கரண்டெல்லாம் அந்தப் பெட்டிக்கு வேண்டும்" என்றது. யாரும் மறுக்கவில்லை. காடே இருண்டது. அப்படியும் பெட்டியில் சூடு குறைந்துகொண்டே வந்தது.

மண்வாரி என்ற காட்டுப்பன்றிக்கு ஒரு யோசனை தோன்றியது.

"ஆவி மேடு இருக்கும்போது எதற்கு அண்ணே கவலை? அதற்கு அடியில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கிறது. மேட்டைப் பிளந்தால் ஆவி பீறிட்டு வரும். அந்த வேகத்தில் மழை இல்லாமலே சக்கரம் சுற்றும்."

நல்ல யோசனைதான். இரண்டும் மேட்டுக்குப் போயின. அங்கே மண்ணை அணைத்தபடி ஒரு உடும்பு படுத்திருந்தது. அதன் பெயர் செதிலி.

"நகரு. நாங்கள் தோண்ட வேண்டும்" என்றது மண்வாரி.

"கீழே என் முட்டைகள் இருக்கின்றன. நகர மாட்டேன்."

"முட்டைதானே? அடுத்த வருடம் இடலாம்."

செதிலி நகங்களை மண்ணுக்குள் இன்னும் ஆழமாக ஊன்றிக்கொண்டது. மண்வாரி தலையைத் தாழ்த்திக்கொண்டு பாயத் தயாரானது.

துடியன் குறுக்கே வந்து நின்றது. "வேண்டாம் தம்பி. ஆவி கிளம்பினால் முட்டையெல்லாம் வெந்துபோகும். ஒரு குட்டியைக் காப்பாற்ற இத்தனை குட்டிகளைக் கொல்ல என்னால் முடியாது."

"அப்படியானால் மினுக்கியிடம் என்ன சொல்வாய்?"

துடியன் மருத்துவமனைக்குத் திரும்பி வந்து, நடந்ததை நடந்தபடியே மினுக்கியிடம் சொன்னது.

மினுக்கி வெகுநேரம் அழுதது. பிறகு குட்டியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு எழுந்தது.

"எங்கே போகிறாய்?" என்று பதறியது துடியன்.

"செதிலி அக்காவிடம்."

உடும்புக்குத் தேவாங்குக் குட்டி என்றால் ருசியான இரை. தேவாங்குக்கோ உடும்பு முட்டை என்றால் உயிர். ஒன்றின் நிழலில் இன்னொன்று நிற்காது.

மேட்டின் அடியில் போய் நின்றது மினுக்கி. "அக்கா, நான் உன் முட்டையைத் தேடி வரவில்லை. உன்னை எழுந்திருக்கவும் சொல்லவில்லை. என் பிள்ளைக்குக் குளிர்கிறது. உன் மேட்டில் மண் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளட்டுமா?"

செதிலி நாக்கை நீட்டி மோந்து பார்த்தது. குட்டியின் வாசனை அதற்கு எட்டியது. இரையின் வாசனைதான். மினுக்கி குட்டியை இறுக அணைத்துக்கொண்டது. ஆனாலும் அது ஓடவில்லை.

"அங்கே உட்காராதே, அங்கே சுடும்" என்றது செதிலி. "இந்தப் பக்கம் வா. இங்கேதான் இதமாக இருக்கும்."

மினுக்கி கையால் சின்னதாகக் குழி பறித்துக் குட்டியைப் படுக்க வைத்தது. சூடு மெல்ல ஏறியது. கொஞ்ச நேரத்தில் குட்டி கையை அசைத்து அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டது.

முதலில் இரண்டு தாய்களும் கண்ணை மூடவே இல்லை. செதிலி மினுக்கியின் கையையே பார்த்தது. மினுக்கி செதிலியின் வாயையே பார்த்தது. நாளாக நாளாக, பார்ப்பது போய்ப் பேச்சு வந்தது.

முட்டையிட்டதிலிருந்து செதிலி வயிறாரச் சாப்பிடவில்லை. ஒரு நாள் காலை அது தயங்கித் தயங்கிச் சொன்னது: "தங்கச்சி, பசி தாங்கவில்லை. ஓடைவரை போய்வருகிறேன். முட்டைகளைப் பார்த்துக்கொள்கிறாயா?"

மினுக்கி சரியென்று தலையை ஆட்டியது.

செதிலி வெயில் ஏறியபின் திரும்பி வந்தது. மினுக்கி முட்டைக் குழியின்மேல் இரண்டு கைகளையும் விரித்துப் படுத்திருந்தது. ஒரு முட்டைகூடக் குறையவில்லை. செதிலி அதன் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது.

கோடை தொடங்கியபோது முட்டைகள் பொரிந்தன. தேவாங்குக் குட்டியும் அதற்குள் கிளை தாவும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

செதிலி தானாகவே துடியனைக் கூப்பிட்டு அனுப்பியது. மேட்டின் மறுபக்கம் ஒரு பிளவைக் காட்டியது. "இங்கே யாரும் முட்டையிடுவதில்லை. இங்கே தோண்டுங்கள். ஆவி குளிர்ந்து தண்ணீரானதும் அதை மறுபடி மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மேடு வறண்டுபோகும்."

"அப்படியே செய்கிறோம் அம்மா" என்றது துடியன்.

தோண்டுகிற வேலை மண்வாரிக்கு வந்தது. அது ஒவ்வொரு முறையும் மூக்கை மண்ணில் வைப்பதற்கு முன்னால், "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தோண்டியது.

அந்தப் பிளவின் மேல் இன்னொரு சக்கரம் வைத்தார்கள். அன்றிலிருந்து மழைக்காலத்தில் அருவியும் மழை இல்லாத காலத்தில் ஆவியும் சக்கரங்களைச் சுழற்றின. குளிர்மலைக் காட்டில் எந்தக் குட்டியும் அதன்பின் குளிரில் வாடவில்லை.

வலிமை இருக்கிறதென்று பறிக்கப் போனால் எதிரில் இருப்பவர் இறுகிப்போவார். தன் தேவையைச் சொல்லிப் பணிவாகக் கேட்டால், பகைவர்கூடத் தன்னிடம் உள்ளதைப் பகிர்ந்துகொள்வார்.