எண்ணெய் விலையும் பெருச்சாளியின் கூலியும்

ஒரு காட்டில் எருமை ஒன்று வண்டி ஓட்டி வந்தது. மலைச்சரிவில் விளையும் வாழைத்தார்களை ஏற்றிக் குளத்தங்கரைச் சந்தையில் இறக்கும். குரங்கு அவற்றை வாங்கி, குழியில் மூடிப் பழுக்கவைத்து விற்கும். குழி தோண்டுவது பெருச்சாளியின் வேலை. நாளுக்கு ஒரு சீப்புப் பழம் அவளுக்குக் கூலி. அதில்தான் அவளும் குட்டிகளும் வயிறு கழுவினார்கள்.

வண்டி அச்சுக்கு எண்ணெய் வேண்டும். அதை இலுப்பைத் தோப்பிலிருந்து கரடிகள் ஆட்டிக் கொண்டுவந்தன. ஒரு கோடையில் கரடிகளுக்குள் சண்டை மூண்டு, தோப்புக்குப் போகும் மலைப்பாதையே அடைபட்டுப்போனது. சுற்றுவழியில் கொஞ்சமே வந்ததால் எண்ணெய் விலை இரண்டு மடங்காயிற்று.

எருமை உடனே வாடகையை இரண்டு மடங்காக்கியது. ஒரு குடம் எண்ணெய் அதற்கு ஒரு மாதம் வரும். ஆனாலும் ஒவ்வொரு நடைக்கும் கூட்டி வாங்கியது. குரங்கு சும்மா இருக்குமா? பழத்தின் விலையை மூன்று மடங்காக்கியது. யார் கேட்டாலும் "எண்ணெய் விலை" என்று கையை விரித்தது. குளத்தில் தாமரைக் கிழங்கு விற்ற ஆமை கூட விலையை ஏற்றியது. தான் நடந்தே போய்வருவதை அது யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை பெருச்சாளிக்கு அரைச் சீப்புதான் கிடைத்தது.

"என்ன அண்ணே, பாதிதான் இருக்கிறது?" என்றாள்.

"பழம் விற்கிற விலைக்கு இதுவே அதிகம்" என்றது குரங்கு.

மறுநாளும் அப்படியே. குட்டிகள் பசியில் கத்தின. அவள் திரும்பப் போய், முழுக் கூலி வேண்டும் என்று கேட்டாள். குரங்குக்கு எரிச்சல் வந்தது. "நீ என்ன வண்டியா ஓட்டுகிறாய்? உனக்கு என்ன எண்ணெய்ச் செலவு?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். எனக்கு வேண்டாத எண்ணெய்க்கு என் குட்டிகள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?"

குரங்கு திரும்பித் தராசைத் துடைக்கத் தொடங்கியது. பெருச்சாளிக்கு அலுத்துப்போனது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டி, காட்டுக்கிழங்கு கிடைக்கும் மேட்டுக்குப் போய்விட்டாள்.

குரங்கு தானே குழி தோண்டிப் பார்த்தது. ஆழம் போதவில்லை. காய் பழுக்காமல் வெம்பியது. பழுத்த கொஞ்சத்தையும் வாங்க ஆளில்லை. முயலும் அணிலும் விலையைக் கேட்டுவிட்டு வந்த வழியே போயின. பழம் அழுகி ஈ மொய்த்தது. குரங்கு தார் வாங்குவதை நிறுத்தியதும் எருமைக்குச் சுமையில்லாமல் போயிற்று. மரத்தடியில் நின்ற வண்டிக்கு எண்ணெய் எதற்கு? கொண்டுவந்த எண்ணெயை வாங்க யாருமில்லை என்று கரடிகளும் புலம்பின.

எருமையும் குரங்கும் ஒன்றையொன்று திட்டித் தீர்த்தன. வேறு வழியின்றிக் குரங்கு ஓடையைத் தாண்டிப் போனது. கூலியை ஏற்றித் தருவதாகச் சொல்லி அவளைக் கூப்பிட்டது.

"ஏற்றிக் கொடுத்துவிட்டு அதையும் பழத்தின் விலைமேல் வைப்பாய். ஊரே உன்னிடம் வராது. பிறகு என்னையும் போகச் சொல்வாய்" என்றாள் பெருச்சாளி. "எண்ணெய்க்கு மேல் நீங்கள் ஆளாளுக்கு ஏற்றியது எவ்வளவு? முதலில் அதை இறக்குங்கள். வருகிறேன்."

குரங்கு தலையைச் சொறிந்துகொண்டு திரும்பியது. அன்று எருமையோடு வெகுநேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் எருமை, எண்ணெய்க்கு ஆகும் கூடுதல் செலவை மட்டும் வாடகையில் சேர்த்தது. வண்டி நிறைந்த பிறகே கிளம்பியது. குரங்கு லாபத்தைக் குறைத்துக்கொண்டது. திரும்பி வந்த பெருச்சாளிக்கு முழுச் சீப்பு கிடைத்தது.

எண்ணெய் விலை அப்படியேதான் இருந்தது. பழம் முன்பை விடக் கொஞ்சம் விலை கூடத்தான். ஆனால் முயலும் அணிலும் முணுமுணுத்தபடியே வாங்கிப் போயின.

விலையேற்றத்தின் சுமையை எளியவர் தலையில் மட்டும் இறக்கிவைத்தால், இறக்கியவரின் பிழைப்பும் சேர்ந்தே படுத்துவிடும்.