வாள் கை மாறிய சம்மனசு

பூவரசன்துறைக் கத்தோலிக்கக் கோயில் படத்தில் மிக்கேல் சம்மனசு, அதாவது தேவதூதர், வாளை இடக்கையில் பிடித்திருப்பார்; பசாசு காலடியில் கிடக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த சின்ன அச்சுப்படம் ஒன்றைப் பார்த்து யாரோ ஓர் ஓவியர் பெரிதாக வரைந்தது. அந்தப் புண்ணியத்தில் அவ்வூர் இடக்கைக்காரர்களுக்குத் தனி மரியாதை. திருவிழாவின் முதல் மெழுகுதிரியை அவர்களில் ஒருவர்தான் ஏற்ற வேண்டும், அதுவும் இடக்கையால்.

இந்த வருடம் முறை பிரகாசிக்கு. புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள். இடக்கையால் குழம்பு ஊற்றியதற்காகப் பிறந்த வீட்டில் அவள் வாங்காத அடி இல்லை; இங்கே வந்த பிறகுதான் மூச்சு விட்டாள். மாமியார் மதலேனாளும் சம்மனசுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாள், பாவம்.

அந்த நேரம் பார்த்து, வீட்டுக்கு ஒரு படம் கொடுக்கலாமே என்று பங்குச் சாமியாருக்கு ஆசை வந்தது. போட்டோக்காரர் எஸ்தாக்கி பெட்டியும் கறுப்புத் துணியுமாக வந்து, கோயில் படத்தை உள்ளது உள்ளபடி கண்ணாடித் தகட்டில் பிடித்தார். தகடு அச்சுக்கூடத்துக் கயித்தானிடம் போனது. அச்சாகி வந்த படங்களில் வாள் வலக்கைக்கு மாறியிருந்தது!

மதலேனாளுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாட்டி, சம்மனசே திருந்திட்டாரு. நீ எப்பட்டி திருந்தப்போற? திரிய வேற யாராவது ஏத்தட்டும்."

பிரகாசி படத்தை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் ஓடினாள். சாமியார் கயித்தானைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"சம்மனசப் போயி நொட்டாங்கைக்காரரா வீடு வீடா மாட்டலாமா சாமி? அதான் தகட்டப் புரட்டி வச்சு அடிச்சேன்."

சாமியார் ஓவியர் பார்த்து வரைந்த அந்தப் பழைய அச்சுப்படத்தை எடுத்து நீட்டினார். அதிலும் வாள் இடக்கையில்தான். கயித்தான் அதை உற்றுப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"சாமி, இது செம்புத் தகட்டுல கீறி அடிச்சது. கீறுனவன் அங்க உள்ள மூலப் படத்தப் பாத்து நேராக் கீறியிருக்கான், தாள்ல திரும்பி விழுந்துட்டு. அப்போ மூலப் படத்துல வாள் வலக்கையில! நான்தான் சரி!"

வாசகரே, இப்போது நீங்கள் சொல்லுங்கள். பார்த்தபடி வரைந்த ஓவியர், பார்த்தபடி பிடித்த எஸ்தாக்கி, பார்த்ததை மாற்றிய கயித்தான். இவர்களில் யார் செய்தது சரி? பிரகாசி திரி ஏற்றலாமா?

விடை: கயித்தானின் படம் சரி, கயித்தான் செய்தது சரியல்ல. மூலப் படத்தை அவர் கண்டதே இல்லை. அவர் செய்த புரட்டு தவறிப்போய் உண்மையில் விழுந்துவிட்டது. ஓவியரும் எஸ்தாக்கியும் கண்டதைக் கொடுத்தார்கள், அவர்கள் செய்ததே சரி. திரி விஷயத்தைப் பிரகாசியே தீர்த்தாள். கயித்தான் அடித்த படத்தை வெயிலுக்கு எதிரே பிடித்து, பின்பக்கத்தை மாமியாருக்குக் காட்டினாள். வாள் இடக்கைக்கு வந்திருந்தது. "எப்படித் திருப்புனாலும் பசாசு காலடியிலதான கெடக்கு மாமி?" என்றாள். மதலேனாள் தீப்பெட்டியை எடுத்து மருமகளின் இடக்கையில் வைத்தாள்.