பெஞ்சுக்காரன் தின்ற மாத்திரை

கூடைப்பந்து இறுதிப் போட்டியன்று சோதனை அதிகாரி கையில் ஊக்கமருந்து டப்பா ஒன்று சிக்கிவிட்டது. டப்பாவுக்குச் சொந்தக்காரன் கேப்டன் விக்ராந்த், அணி முதலாளியின் மாப்பிள்ளை. சீசன் முழுக்கப் பெஞ்சை விட்டு எழுந்திராத மாற்று ஆட்டக்காரன் சூசைமணியை அவன் ஓரமாக இழுத்தான்.

“டப்பா உன்னுதுன்னு சொல்லுடா. இல்லேன்னா அணியிலயே நீ கிடையாது!”

“அதுக்கென்ன கேப்டன், சொல்லிட்டாப் போச்சு.”

நேரே அதிகாரியிடம் போனான் சூசைமணி. “என்னுதுதான் சார். தினமும் முழுங்குறேன். அந்தத் தெம்புலதான் இத்தனை மேட்சும் பெஞ்சுல உக்காந்தேன். கேப்டனுக்குத் துண்டு நீட்டுவேன் பாருங்க, அடேயப்பா, என்ன வேகம்!”

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிறுநீர்ச் சோதனைக் குப்பியை விக்ராந்திடம் நீட்டினார். “மாப்பிள்ளை சார், நீங்க வாங்க!”

குப்பியைக் கண்டதும் விக்ராந்துக்கு வேர்த்துக் கொட்டியது; உண்மையும் கொட்டியது.

சாயங்காலம் களத்தில் ஆடிக் களைத்த சூசைமணி கையை நீட்டினான். பெஞ்சிலிருந்து மாப்பிள்ளை துண்டை எடுத்துக் கொடுத்தார்.