போதும் என்று சொல்லும் வரை

முத்துறை என்னும் ஊரில், ஆற்றங்கரை நாடுகள் ஐந்துக்கும் பொதுவான ஓர் அவை இருந்தது. அவையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே சுங்கம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே மரக்கால், ஒரே துலாக்கோல்.

அவையின் வாசலில் நீண்ட கல்லிருக்கை ஒன்று கிடந்தது. அவையில் சேர விரும்பும் நாடுகளின் தூதர்கள், உள்ளே அழைக்கப்படும் வரை அதில் அமர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு காலம் அமர்ந்திருக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

அதில் ஒரு முனையில் குறும்பொறை நாட்டுத் தூதர் சேந்தன் பல ஆண்டுகளாக அமர்ந்திருந்தார். குறும்பொறை மலைநாடு, அங்கே தினை விளையும். மறுமுனையில் கழிக்கரை நாட்டுத் தூதர் அழிசி அமர்ந்திருந்தார். கழிக்கரை கடல்நாடு; அங்கே உப்பு விளையும். இரண்டும் அடுத்தடுத்த நாடுகள். நடுவே ஓர் ஓடை, ஓடையின் மேல் ஒரு பாலம்.

மாலை நேரங்களில் சேந்தன் முத்துறையில் வாழ்ந்த அறிஞரான பெருங்கோதை அம்மையிடம் பாடம் கேட்கச் செல்வார். அம்மை அவரைவிட வயதில் இளையவர். அதைப் பற்றிச் சேந்தனுக்குச் சற்றுக் கூச்சம் உண்டு. அம்மைக்கு இல்லை.

ஒரு மாலை சேந்தன் வணங்கிவிட்டு நேராகவே கேட்டார்.

“அம்மை, கழிக்கரைக்கு முன்னால் எங்கள் நாடு அவைக்குள் நுழைய வேண்டும். வழி சொல்லுங்கள்.”

அம்மை முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தார். “முன்னால் எதற்கு?”

“உள்ளே இருக்கும் எந்த நாடும் புதிதாக வரும் நாட்டை மறுக்கலாம். அவர்கள் முதலில் நுழைந்தால் எங்களை மறுத்துவிடுவார்கள்.”

“நீங்கள் முதலில் நுழைந்தால்?”

“நாங்கள் அவர்களை மறுப்போம். ஆனால் தன்மையாக மறுப்போம்.”

“அவை கேட்டதை எல்லாம் செய்துவிட்டீர்களா?”

“எல்லாம் செய்தாயிற்று. ஒவ்வொரு நாட்டிலும் படகு ஆய்வாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் நாட்டில் படகு மிதக்கும் அளவுக்கு நீர் எங்கும் இல்லை. ஆகவே குன்றின் உச்சியில் ஒரு படகைக் கட்டி வைத்து, அதற்கு ஓர் ஆய்வாளரையும் நியமித்தோம்.”

“அவர் எதை ஆய்கிறார்?”

“சென்ற மாதம் படகுக்குள் ஓர் ஆடு ஈன்றது. தாயும் குட்டிகளும் நலம் என்று அறிக்கை அனுப்பியிருக்கிறார்.”

“கழிக்கரை என்ன செய்தது?”

“அவர்களிடம் மலைப்பாதைக் காவலரைக் கேட்டார்கள். அவர்கள் கடற்கரை மணலைக் குவித்து ஒரு மலை செய்தார்கள். காற்றுக்காலம் வந்தால் மலை போய்விடுகிறது. காவலருக்கு அந்தக் காலத்தில் வேலை, மலை எங்கே என்று தேடுவதுதானாம். அழிசியே சொன்னார்.”

அம்மை ஒரு காம்பைத் தனியே எடுத்துப் போட்டார். “இவ்வளவும் எதற்காக?”

சேந்தனின் குரல் தணிந்தது. “உப்புக்காக, அம்மை.”

“சொல்லுங்கள்.”

“எங்கள் மலையில் உப்பு இல்லை. கழிக்கரையிலிருந்து அந்தப் பாலத்தின் வழியாகத்தான் வர வேண்டும். பாலத்தின் கிழக்கு முனையில் அவர்கள் சாவடி, மேற்கு முனையில் எங்கள் சாவடி. எந்த மூட்டை கடந்தாலும் இரண்டு சாவடியிலும் சுங்கம் எடுப்பார்கள்.”

“எவ்வளவு?”

“அது பழைய விதி. காவலர் ‘போதும்’ என்று சொல்லும் வரை மூட்டையிலிருந்து அள்ளலாம்.”

“உங்கள் காவலர் எப்போது சொல்வார்?”

“அவர் அதிகம் பேசாதவர். அதற்காகவே தேடிப் பிடித்து நியமித்தோம். கழிக்கரைக் காவலரும் பேசாதவர்தான். அவருக்குக் கை வேறு முறம் போல இருக்கும். எங்கள் ஊர் வந்து சேரும்போது மூட்டை, முடிச்சாகிவிடுகிறது. எங்கள் தினைக்கும் அந்தப் பக்கம் போகும்போது அதே கதிதான்.”

அம்மை அடுத்த கொத்தை எடுத்தார்.

“என் பேத்தி உப்பில்லாத கஞ்சி குடித்தே வளர்ந்தவள். அண்மையில் ஒரு திருமணத்தில் உப்புப் போட்ட சோற்றை அவளுக்கு ஊட்டினார்கள். துப்பிவிட்டாள். சோறு கெட்டுப்போய்விட்டது, யாரும் சாப்பிடாதீர்கள் என்று பந்தி முழுவதும் ஓடி ஓடிச் சொன்னாளாம். எல்லாரும் சிரித்தார்கள் என்று என் மனைவி சொல்லியனுப்பினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.”

கீரையில் இருந்த அம்மையின் கை நின்றது.

“அவையில் சேர்ந்துவிட்டால் பாலத்தில் சுங்கம் இருக்காது,” என்றார் சேந்தன். “கழிக்கரையும் சேர்ந்தால்தானே என்று கேட்காதீர்கள், அரசர் கெடு வைத்துவிட்டார். அறுவடைக்குள் அவையில் இடம் வாங்காவிட்டால் தூதர் பதவி இல்லை. அந்தப் பாலத்துச் சாவடியில் போய்க் காவலராக உட்கார் என்றார். அவர் சொன்னால் செய்கிறவர். எங்கள் குடியில் எவரும் சாவடியில் உட்கார்ந்ததில்லை, அம்மை.”

“நாளை நண்பகலில் கல்லிருக்கைக்கு வருகிறேன்,” என்றார் அம்மை.

மறுநாள் நண்பகலில் தூதர்கள் இருவரும் வழக்கம்போலச் சோற்றுப் பாத்திரங்களைத் திறந்தார்கள். சேந்தனின் பாத்திரத்தில் உப்பில்லாத தினைச்சோறு. மக்களுக்குக் கிடைக்காத உப்பைத் தூதர் விலைக்கு வாங்கி உண்ணக் கூடாது என்பது குறும்பொறை அரசரின் ஆணை. பிறர் கொடுத்தால் உண்ணலாமா என்பதைப் பற்றி ஆணையில் ஒன்றும் இல்லை. அழிசியின் பாத்திரத்தில் சுட்ட கருவாடு மட்டும் இருந்தது. கழிக்கரை அரசர் தானியத்தைப் பற்றி அதே ஆணையைப் பிறப்பித்திருந்தார்.

ஆகவே அழிசி கருவாட்டில் பாதியைச் சேந்தனுக்குக் கொடுப்பார். சேந்தன் சோற்றில் பாதியை அழிசிக்குக் கொடுப்பார். இது முதல் ஆண்டிலிருந்தே நடந்து வந்தது.

“உங்கள் சோறு துறவு பூண்டுவிட்டது, சேந்தரே,” என்றார் அழிசி.

“உங்கள் கருவாடு அதற்கும் சேர்த்து இல்லறம் நடத்துகிறதே, ஐயா. தெருக்கோடி வரை மணக்கிறது. எடுங்கள்.”

அழிசி கருவாட்டை எடுத்து நீட்டினார். அப்போது அம்மை வந்தார். ஒரு கையில் ஒரு தடி, மறு கையில் பெரிய வெண்கல உருளி. இருவருக்கும் நடுவே அமர்ந்து, இருக்கையின் குறுக்கே தடியை வைத்தார். உருளியை மடியில் வைத்துக்கொண்டார்.

“இது என்ன, அம்மை?” என்றார் அழிசி.

“சாவடி.”

“யாருடைய சாவடி?”

“உங்கள் பாலத்தில் உள்ள விதிதான் இங்கும். கருவாட்டைக் கொண்டுவாருங்கள்.”

அழிசி சிரித்துக்கொண்டே பாத்திரத்தை நீட்டினார். அம்மை ஒரு துண்டை எடுத்து உருளியில் போட்டார். இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. அழிசியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“அம்மை, நீங்கள் இன்னும் ‘போதும்’ என்று சொல்லவில்லை.”

“யோசித்துக்கொண்டிருக்கிறேன்.”

யோசித்துக்கொண்டே மேலும் எடுத்தார். கடைசியில் ஒரு வால் துண்டு மட்டும் தடியைக் கடந்து சேந்தனிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்துச் சேந்தனின் தினைச்சோறு வந்தது. அம்மை கை நிறைய அள்ளினார். அவர் கை சிறியது, ஆனால் அவசரமில்லாதது.

“பெரியவர்கள் பசியோடு இருக்கிறோம்,” என்றார் சேந்தன்.

“குறுக்கே பேசாதீர்கள். எனக்குச் சொல் வராமல் போகிறது.”

அம்மை அள்ளிய சோற்றில் கருவாட்டைப் பிசைந்து உண்ணத் தொடங்கினார். அவர் முள் எடுக்கக் குனிந்த நேரம் பார்த்து, அழிசி மடியில் ஒளித்து வைத்திருந்த ஒரு கருவாட்டைத் தோள்துண்டில் சுருட்டி, அம்மையின் முதுகுக்குப் பின்னால் சேந்தனிடம் நீட்டினார். சேந்தன் வானத்தைப் பார்த்தபடி கையை மட்டும் பின்னால் கொண்டுபோனார். ஐந்து நாடுகளின் வழிப்போக்கர்களும் இதைப் பார்த்தார்கள்.

அம்மை திரும்பாமலே சொன்னார்: “கடத்தல்.”

கருவாட்டை எடுத்துக்கொண்டார். அழிசியின் துண்டையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சேந்தனுக்குப் பொறுமை போய்விட்டது. “அம்மை, உங்களை மதிக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன். அருகருகே உட்கார்ந்து சாப்பிடுகிற இருவருக்கு நடுவே யாராவது சாவடி வைப்பார்களா? வைத்தால் அவர்களுக்கு அறிவு இருக்கிறது என்று சொல்ல முடியுமா?”

அம்மை ஒரு முள்ளை எடுத்து உருளியின் ஓரத்தில் வைத்தார்.

அழிசி தடியைப் பார்த்தார். பிறகு சேந்தனைப் பார்த்தார். சேந்தன் தம் வெறும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் அவையின் கதவு திறந்தது. வாயிற்காவலர் வெளியே வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“குறும்பொறை, கழிக்கரை ஆகிய நாடுகளின் விண்ணப்பங்களை அவை பரிவோடு ஆராய்ந்தது. அறுவடை முடிந்த பிறகு அவை மீண்டும் கூடும். எப்போது முடிவு செய்வது என்பதை அப்போது முடிவு செய்யும். தவிர, படகு ஆய்வாளரின் அறிக்கையில் குட்டிகள் எத்தனை என்ற விவரம் இல்லை.”

கதவு மூடிக்கொண்டது.

“அவ்வளவுதான்,” என்றார் சேந்தன். “அறுவடைக்குப் பிறகாம். எனக்குச் சாவடிதான்.”

“எந்தச் சாவடி?” என்றார் அழிசி.

“எங்கள் பாலத்துச் சாவடி. மேற்கு முனை. இடம் வாங்காமல் வந்தால் அங்கே உட்கார வைப்பேன் என்று அரசர் சொல்லியிருக்கிறார். வெட்கத்தால் உங்களிடம் சொல்லவில்லை.”

அழிசி தம் பாத்திரத்தை மூடினார். “எனக்குக் கிழக்கு முனை,” என்றார். “எங்கள் அரசரும் அதையேதான் சொன்னார். நானும் வெட்கத்தால் சொல்லவில்லை.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மை உருளியைக் கீழே வைத்தார். “அங்கே உட்கார இருக்கை உண்டா?”

“உண்டு. ஆளுக்கு ஒன்று.”

“நடுவே?”

“பாலம். சத்தமாகப் பேசினால் கேட்கும்.”

“அள்ளுவது யார்?”

“காவலர்,” என்றார் சேந்தன். சொல்லிவிட்டு அழிசியின் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லக் கேட்டார். “அழிசி, ‘போதும்’ என்று காவலர் எப்போது சொல்ல வேண்டும் என்று உங்கள் விதியில் இருக்கிறதா?”

“இல்லை. உங்கள் விதியில்?”

“எங்கள் விதியிலும் இல்லை. அப்படியானால் அள்ளுவதற்கு முன்பே சொல்லலாம்.”

“வண்டி தூரத்தில் வரும்போதே சொல்லலாம்.”

“காலையில் எழுந்ததும் ஒரு முறை சொல்லிவிட்டால் அன்றைக்கு அதுவே போதும்.”

“அரசர் கேட்டால்?”

“விதிப்படி நடக்கிறோம் என்போம். வாய் ஓயாத இருவரைச் சாவடிக்கு அனுப்பியது அவர்கள் செய்த காரியம்.”

“வேறு ஆளைப் போடுவார்கள்.”

“அதற்குள் ஊர் உப்பைத் தின்று பார்த்திருக்கும். அதன் பிறகு பேசாத ஆள் யாராவது அங்கே போய் உட்காரத் துணிவாரா?”

அழிசி எழுந்தார். அம்மையின் தோளிலிருந்த தம் துண்டைப் பார்த்தார். அம்மை அதை எடுத்துக் கொடுத்தார். அழிசி அதை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, அம்மையை வணங்கிவிட்டு, மூட்டை கட்டப் போனார்.

சேந்தனும் வணங்கினார். நான்கு அடி நடந்தவர் திரும்பி வந்தார். பல ஆண்டுகள் அமர்ந்திருந்த இடத்தையும் மூடிய கதவையும் ஒரு முறை பார்த்தார்.

“அம்மை, பாலத்தில் சுங்கம் இல்லாமல் போனால் அவை எங்களைச் சேர்த்துக்கொள்ளுமா?”

அம்மை தடியை இருக்கையிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அது எனக்குத் தெரியாது, சேந்தரே. கஞ்சியில் உப்பை முதலில் கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள். குழந்தை துப்பிவிடும்.”