ஸ்ட்ரெச்சர் இருந்தது

கோல் கம்பத்தில் தலை மோதி விழுந்த கோல்கீப்பர் வின்சென்ட், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் செத்துப்போனான். மைதானத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர்கூட இல்லை. அது இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது என்பது தேசியக் கால்பந்து சம்மேளனத்தின் விதி. விதி போடுவதில் சம்மேளனத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

விசாரணைக்கு முதல் நாள், பதினெட்டு வருஷமாக நாற்காலியை விடாத தலைவர் கஜபதி, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் அருளப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஸ்ட்ரெச்சர் இருந்துச்சுன்னு சொல்லணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை.”

“சொல்லிடறேங்க ஐயா.”

மறுநாள் நீதிபதி கேட்டார்: “ஸ்ட்ரெச்சர் இருந்ததா?”

“இருந்துச்சுங்க. அதுலதான் நாலு பேரு அவனைத் தூக்கிட்டு ஓடினோம்.”

கஜபதி மீசையைத் தடவிக்கொண்டார்.

“இப்போ அது எங்கே?”

அருளப்பன் வெளியே போய் ஒரு சுருளைத் தூக்கி வந்து தரையில் விரித்தான். ஃப்ளெக்ஸ் பேனர். ‘தலைவரே வருக!’ என்ற எழுத்துக்குக் கீழே கஜபதி கும்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பின் மேல் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

“என்னய்யா இது?” என்றார் நீதிபதி.

“அந்த மேட்ச்சுக்குச் சம்மேளனம் அனுப்பினது இது ஒண்ணுதாங்க.”