ஊற்றுக்கு மேலே உள்ள சரிவு

"மேக்காட்டுச் சரிவுல இருக்கிற முள்ளை வெட்டிப்போட்டா ஊத்து திரும்ப வருமாம்."

மடத்துக் கிணற்றில் தண்ணீர் சேந்த வந்தவள் சொன்னாள்.

"வந்துட்டா உனக்குக் குடம் சுமக்கிற வேலை மிச்சம்" என்று கூட வந்தவள் சிரித்தாள்.

மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த செங்கோடனின் கை தொட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

கல்யாணமான புதிதில் அவரும் முத்தாயியும் அந்த ஊற்றில்தான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவார்கள். மாடு குடித்து முடித்த பிறகும் அவள் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பங்குனியிலும் தண்ணீர் சில்லென்றிருக்கும்.

பின்னாளில் சரிவெல்லாம் சீமைக்கருவேலம் ஏறியது. ஊற்று வற்றியது. முத்தாயியும் போய்ச்சேர்ந்த பிறகு, செங்கோடன் மடத்துக்கு வந்து மாடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மடத்தின் குரு பவளம்மை அவரைவிட வயதில் மிக இளையவர். செங்கோடனை அண்ணா என்பார். செங்கோடன் அவரைச் சாமி என்பார்.

"முள்ளை வெட்டட்டுங்களா சாமி? கண்ணை மூடறதுக்குள்ள அந்தத் தண்ணிய ஒருக்காப் பாக்கோணும்."

"வெட்டுங்கண்ணா."

கோடை முழுக்க வெட்டினார். வேரையும் தோண்டி எடுத்தார். கை கிழிந்தது.

முதல் மழைக்குச் சரிவில் கொழுக்கட்டைப் புல் தலைகாட்டியது. முள்ளுக்குப் பயந்து பல வருஷமாக அந்தப் பக்கமே போகாத மாடுகளை அன்றைக்கே உள்ளே விட்டார். அவை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. துளிர்க்கத் துளிர்க்கத் தின்றன.

ஐப்பசியில் பெருமழை பிடித்தது. சரிவின் அடியில் உள்ள பள்ளத்தில் செவ்வெள்ளம் புரண்டு ஓடியது. செங்கோடன் நனைந்துகொண்டே நின்று பார்த்தார்.

மறுநாள் பள்ளம் வெறுமையாகக் கிடந்தது. ஊற்றுக் குழியை மண் மூடியிருந்தது.

அவர் நேராகப் பவளம்மையிடம் போனார்.

"வெட்டுங்கன்னீங்க, வெட்டினேன். தண்ணி எங்கீங்க சாமி?"

"வந்துச்சே."

"வந்தது நிக்கலீங்களே."

பவளம்மை ஒரு செம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்து, தன் மொட்டைத் தலையைத் தாழ்த்தினார்.

"ஊத்துங்க."

செங்கோடன் தயங்கித் தயங்கி ஊற்றினார். ஊற்றியதும் அத்தனையும் தரையில் கிடந்தது.

பவளம்மை சமையற்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். மடத்துக்குச் சமைக்கும் மயிலாத்தா வந்தாள். இடுப்பைத் தாண்டிய கூந்தல்.

"இந்தக் குளிர்லயா சாமி? சளி பிடிச்சா சுக்குக் கஷாயம் யாரு வெக்கிறது?"

"நான் வெக்கிறேன். குனி."

இரண்டாவது செம்பு கூந்தலுக்குள் போனது.

மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் முற்றத்துக்கு வந்தது. பவளம்மையின் தலை எப்போதோ காய்ந்துவிட்டது. மயிலாத்தாவின் கூந்தல் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. இன்னொன்று திரண்டது.

"உலை வெக்கோணும், நான் போறனுங்க" என்று அவள் எழுந்து போனாள்.

"அப்ப முள்ளே இருந்திருக்கலாமுங்களா?" என்றார் செங்கோடன்.

"முள்ளு இருந்தப்போ ஊத்து இருந்துச்சா?"

"இல்லீங்க."

"முத்தாயி அக்கா கால் நனைச்சுட்டு உக்காந்தப்போ சரிவுல என்னங்கண்ணா இருந்துச்சு?"

செங்கோடன் மேக்காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"புல்லுங்க. முழங்கால் ஒசரம். பூத்து விதை உதிர்ற வரைக்கும் காட்டை அடைச்சே வெப்பா. மாடு கத்துதேன்னு நான் அவளைத் திட்டுவேன்."



செங்கோடன் எழுந்து மேக்காட்டுக்குப் போனார். மாடுகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே ஓட்டினார். படலைச் சாத்தி முள் வைத்துக் கட்டினார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குத் தீவனம் அறுக்க வாய்க்கால் கரைக்கு நடந்தார்.