பாங்காக்குக்குப் போன சிவப்புப் பெட்டி

சிவகாசியில் பேப்பர் புரோக்கர் மகராசன் சொல்வதில் பாதியை நம்பலாம் என்று சொன்னால், சொன்ன ஆளும் பாதிப் புளுகர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு அவர் புளுகியதில் ஒரு நியாயம் இருந்தது. மனுசனுக்கு பிளேன் ஏற வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை!

விசயம் இதுதான். வருசம் பூரா மை வாங்கியதற்காக மை கம்பெனி தங்கப்பழம் அண்ணாச்சி பிரஸ்ஸுக்கு பாங்காக் டூர் கொடுத்திருந்தது. ஆறு சீட். அதில் போக இருந்த பிரஸ் மேனேஜர் வெயிலுமுத்து மாடிப்படியில் வழுக்கி காலை ஒடித்துக்கொண்டதால் ஒரு சீட் காலி. அந்தச் சீட்டுக்கு யார் என்று அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மை கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். சேதி காதில் விழுந்த அன்றே மகராசன் சிவப்புக் கலரில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கடகடவென்று உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சாத்தூரில் இருக்கும் மச்சினனுக்கு போன் போட்டு, "பாங்காக் போறேன், எதுவும் வேணுமா?" என்றும் கேட்டாயிற்று. இனி போகாவிட்டால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பிரஸ்ஸில் டீ வந்தது. "டூரே நாலு நாள்தான். ரூம் போட்டுக் கொடுத்ததோட கம்பெனிக்காரன் கைகழுவிருவான். அம்மாம்பெரிய ஊர்ல எந்த ஏரியாவைப் பாக்குறது, எதை விடுறது? ஏரியா தெரிஞ்ச ஆள் ஒருத்தன் கூட வந்தா நல்லாருக்கும்" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, அந்த ஊர் எனக்கு நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரி" என்றார் மகராசன்.

பைண்டிங் கடை கனகவேலு டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார். காலிச் சீட்டுக்குத் தன் தம்பி பெயரை அண்ணாச்சியிடம் சொல்லி வைத்துவிட்டுத்தான் அவரும் உட்கார்ந்திருந்தார். "நீ எப்பய்யா போன? சட்டைப் பையில எட்டிப் பாக்குற உன் பாஸ்போர்ட் பளபளன்னு புதுசால்ல இருக்கு?"

"பழசுல முத்திரை குத்த இடமில்லைன்னு ஏர்போர்ட்காரனே கையெடுத்துக் கும்பிட்டு புதுசு வாங்கச் சொன்னான்."

"சரி, துணிமணி எடுக்க எந்த ஏரியா?" என்றார் அண்ணாச்சி.

"பிரதுனம் மார்க்கெட்டு. ஆனா நடக்கக் கூடாது. உள்ளே போனதும் ரெண்டு காலையும் தூக்கிக்கிடணும். கூட்டமே நம்மளைத் தூக்கிட்டுப் போயிரும். நான் போறப்ப பேப்பரைப் படிச்சு முடிச்சு ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன். மார்க்கெட்டோட அந்தக் கடைசியில எறக்கி விட்டுச்சு. பாத்தா, போட்டிருந்த சட்டையை மூணு பேர் பேரம் பேசி வாங்கி வித்துட்டாங்க. நான் உள்ள இருக்கேன்னு ஒருத்தனும் பாக்கல!"

அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கிற மனுசன் சீட்டுக் கொடுப்பான் என்று மகராசன் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"சாப்பாட்டுக்கு?"

"சீனாக்காரன் தெரு. யாவோவராத்னு பேரு. அவன் மொளகா வதக்குறதே தனி. தெருவுக்குள்ள நொழைஞ்சதும் எனக்கு ஒரு தும்மல் வந்துச்சு பாருங்க, தெருவுல இருந்த அத்தனை அடுப்பும் அணைஞ்சு போச்சு. இப்பவும் நான் வர்றேன்னு தெரிஞ்சா முக்குல ஒரு போலீஸ்காரன் விசில் ஊதுவான். எல்லாரும் அடுப்பு மேல சட்டியைக் கவுத்துருவாங்க."

"உன் தும்மல்ல பிளேன் நிக்குமா நிக்காதா?" என்றார் கனகவேலு.

"அதுக்குத்தான் எப்பவும் நடு சீட்டு கேப்பேன். பிளேன் ஒரு பக்கமா சாஞ்சிரக் கூடாதுல்ல."

"கோயில் குளம்?" அண்ணாச்சி இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"சிலோம்னு ஒரு ஏரியா, அங்க போங்க. நம்ம மாரியம்மனே கோயில் கட்டி இருக்கா. நான் போன அன்னைக்கு ஏரியா பூரா கரண்டு போயிருச்சு. ஊரே இருட்டு. நான் பையில இருந்து நம்ம சிவகாசித் தீப்பெட்டியை எடுத்தேன். ஒரே ஒரு குச்சி. உரசுனதும் பத்து மாடி ஆபீஸ்ல லிப்ட்டு ஓட ஆரம்பிச்சிருச்சு! கரண்டு வந்தும் ஆபீஸ்காரன், 'நீங்களே பிடிங்க சார், இதுதான் நல்லாருக்கு'ன்னுட்டான்."

இதைக் கேட்டுக் கனகவேலுவால்கூட முறைக்க முடியவில்லை. சொந்த ஊர்க் குச்சியைப் புகழ்ந்தால் சிவகாசிக்காரன் எவன் மறுப்பான்? அண்ணாச்சி போனை எடுத்து மேசைமேல் வைத்தார். மை கம்பெனிக்குப் பெயர் சொல்லத்தான். மகராசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தத் தெரிந்திருந்தால் அவர் ஏன் மகராசன்?

"எல்லாத்தையும் விடுங்க அண்ணாச்சி. ஆறுதான் ஊரு. சிலோம் பக்கத்துல படகு ஏறி மேல போனா, வலது கைப் பக்கம் பெரிய கோபுரம் வரும்." கண்ணை மூடிக்கொண்டார். தினமும் சாப்பிட உட்காரும்போது எதிரே சுவரில் தெரிகிற படம் அப்படியே கண்ணுக்குள் வந்தது. "பக்கத்துல ஒரு பொம்பளை படகுல வச்சு நூடுல்ஸ் விப்பா. நீல ரவிக்கை. இடது கையாலதான் கரண்டி பிடிப்பா. படகுக்காரனும் இடது கையாலதான் டாட்டா காட்டுவான். அந்த ஏரியாவுல எல்லாருமே இடதுகைக்காரங்க. நான் ஒருத்தன்தான் வலது கையால சாப்பிட்டேன். வேடிக்கை பாக்க ரெண்டு கரையிலயும் சனம் கூடி, தண்ணி ஏறி, கோபுரம் முழங்கால் வரைக்கும் நனைஞ்சு போச்சு!"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நீல ரவிக்கையா?" என்றார்.

"ஆமா."

"தலையில ஓலைத் தொப்பி?"

"ஆமா அண்ணாச்சி! நீங்களும் பாத்திருக்கீங்களா?"

"பாக்காம? பத்தாயிரம் தடவை பாத்தேன், நம்ம மெசின்ல. போன வருசம் ஒரு டிராவல்ஸ்காரனுக்குக் காலண்டர் அடிச்சோம். பிளேட் போடுறவன் பிலிமைத் திருப்பி ஒட்டிட்டான். படமே கண்ணாடியில பாத்த மாதிரி இடம் வலமா மாறி, படகுல இருந்த எழுத்தெல்லாம் திரும்பி விழுந்திருக்கு. தாய்லாந்து எழுத்து இங்க எவனுக்குத் தெரியும்? அழகா இருக்குன்னு அடிச்சுத் தள்ளிட்டோம். சரக்கைப் பாத்துட்டு பார்ட்டி கத்துன கத்து இருக்கே! கோபுரம் நெசத்துல இடது பக்கமாம். பொம்பளையும் வலது கைக்காரியாம். சரக்கே வேண்டாம்னுட்டான், ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தோம். உனக்கும் நான்தான் ஒண்ணு சுருட்டிக் கொடுத்தேன்."

கனகவேலு சத்தமில்லாமல் டீயைக் குடித்தார். அவ்வளவு ருசியான டீயை அவர் அதுவரை குடித்ததில்லை.

மகராசன் முகம் ஒரு நொடி தொங்கியது. ஒரே நொடிதான். "அண்ணாச்சி, நான் போறப்ப வலது பக்கந்தான் இருந்துச்சு. நான் ஊருக்குக் கெளம்புனேன் பாருங்க, அப்பத்தான், போறாரேன்னு மனசு கேக்காம, கோபுரம் என்னை எட்டிப் பாக்க அந்தக் கரைக்குப் போயிருச்சு!"

அண்ணாச்சி கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்து, கனகவேலு தம்பி பெயரைச் சொன்னார்.

"அண்ணாச்சி!"

"கோவிச்சுக்காதய்யா. நீ வந்தா கோபுரம் மறுபடியும் எந்திரிச்சு நடக்கும். அப்புறம் நாங்க வழி எப்படிக் கண்டுபிடிக்கிறது?" அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அந்தச் சிவப்புப் பெட்டி வீட்டுல சும்மாதான இருக்கும்? காலையில கொடுத்தனுப்பு. அந்தப் பெட்டியாவது ஒரு தடவை பாங்காக்கைப் பாத்துட்டு வரட்டும்."